யாருடைய உடலுக்கு அளவெடுக்கிறது ஃபேஷன்? பிளஸ் சைஸ் மாடலிங் குறித்த ஒரு பார்வை

நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களில் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர் மற்றும் குளிர்கால ஆடைகளுக்கான ஃபேஷன் வாரங்கள் நடைபெற்றன. அவற்றில் 198 காட்சிகளில் மேடையேறிய 8,703 ஆடைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை அணிந்திருந்த மாடல்களின் உடல் அளவை 'வோக் பிசினஸ்' இதழ் கணக்கிட்டது. 97.7 சதவீத ஆடைகளை அணிந்திருந்தவர்கள் அமெரிக்க அளவில் 0 முதல் 4 வரையிலான மெலிந்த உடலினர். 6 முதல் 12 வரையிலான நடுத்தர அளவினருக்குக் கிடைத்தது 2 சதவீதம். 14 மற்றும் அதற்கு மேற்பட்ட 'பிளஸ் சைஸ்' மாடல்களுக்குக் கிடைத்தது 0.3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 26 ஆடைகள். அதற்கு முந்தைய பருவத்தில் இந்தப் பங்கு 0.8 சதவீதமாக இருந்தது.

மறுபுறம், 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேர் உடல் நிறை குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். கர்நாடகாவில் இது 30.1 சதவீதம்; நாடு முழுவதும் 24 சதவீதம். அதே ஆய்வில் நாட்டின் பெண்களில் 18.7 சதவீதம் பேர் இயல்புக்குக் குறைவான எடை கொண்டவர்கள் என்பதும் தெரியவந்தது. உடல்நல ஆய்வின் கணக்கும் ஆடை அளவின் கணக்கும் ஒன்றல்ல. எனினும், ஆடை வாங்குவோரின் உடலுக்கும் அந்த ஆடையை அணிந்து காட்டுவோரின் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியை இவ்விரு கணக்குகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

சேலைக்கு அளவில்லை, ரவிக்கைக்கு உண்டு

மேட்டூரிலிருந்து பாலாறு வழியாகக் கர்நாடக எல்லைக்குள் ஏறும் சாலை மாதேஸ்வரன் மலைக்குச் செல்கிறது. முன்பு மைசூரு மாவட்டத்திலும், 1997-ஆம் ஆண்டுக்குப் பின் சாமராஜநகர் மாவட்டத்திலும் அமைந்துள்ள இந்தத் தலத்தில், அமாவாசை நாட்களில் தமிழ் பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் திரளாகக் கூடுகின்றனர். அக்கூட்டத்தில் உள்ள பெண்களின் உடல்வாகு எத்தனையோ விதம். ஆனால் அவர்கள் உடுத்தியிருக்கும் சேலையின் நீளம் ஏறத்தாழ ஒன்றே, ஐந்தரை மீட்டர். மெலிந்தவர் கூடுதலாக இரண்டு கொசுவம் வைக்கிறார். பருத்தவர் இரண்டைக் குறைத்துக்கொள்கிறார். மைசூரு பட்டாயினும் காஞ்சிபுரம் பட்டாயினும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் "என்ன சைஸ்?" என்று கேட்பதில்லை.

ரவிக்கைக்கு அளவு தேவை. அதற்கும் இந்த மண்ணில் ஒரு வழக்கம் இருந்தது. சரியாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றை 'அளவு ரவிக்கை'யாகத் தையல்காரரிடம் கொடுப்பார்கள். பின்னாளில் உடல் பருத்தால் பிரித்துக்கொள்வதற்காக, உள்பக்கம் சிறிது துணி விட்டு அவர் தைப்பார். உடல் மாறும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட தொழில்முறை இது. பிரசவத்திற்குப் பின் ஒரு பெண்ணின் ரவிக்கை இரண்டு தையல் தளர்த்தப்படுவதை எவரும் ஒரு குறையாகக் கருதியதில்லை.

குர்தியும் ஜீன்ஸும் ஆயத்த ரவிக்கையும் வந்தபோது இந்த உறவு தலைகீழானது. உடலுக்கேற்ப ஆடை மாறிய நிலை போய், ஆடைக்கேற்ப உடல் மாற வேண்டிய நிலை உருவானது. உடைமாற்றும் அறைக்குள் நான்கு ஆடைகளுடன் சென்று, நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வரும் பெண், ஆடையின் வெட்டு தவறு என்று பெரும்பாலும் நினைப்பதில்லை. தன் உடல்தான் தவறு என்று நினைக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத மாடல்

மாடல் என்றதும் மேடையில் நடப்பவரே நினைவுக்கு வருகிறார். ஆடைத் தொழிலில் வாடிக்கையாளர் ஒருபோதும் பார்க்காத மற்றொரு மாடலும் உண்டு. அவர் 'ஃபிட் மாடல்'. ஒரு நிறுவனம் புதிய ஆடையை வடிவமைக்கும்போது, அதை முதலில் இவரது உடலில் போட்டுப் பார்த்தே வெட்டு முறையை உறுதி செய்கிறது. பொதுவாக இவர் 'ஸ்மால்' அல்லது 'மீடியம்' அளவினராக இருப்பார். மற்ற அளவுகள் அந்த அடிப்படை வெட்டிலிருந்து கணக்குப் போட்டுப் பெருக்கப்படுகின்றன. இதற்குத் தொழில் வழக்கில் 'கிரேடிங்' என்று பெயர்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மார்பளவு, இடையளவு, தோள், கழுத்து ஆகிய அனைத்தையும் ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே சென்றால், 'எக்ஸ்எல்' வரை ஆடை ஓரளவு பொருந்தும். அதற்கு மேல் செல்லும்போது கழுத்து அகன்று சரியும், தோள் கீழிறங்கும், அக்குள் தொங்கும், கையின் மேற்பகுதி மட்டும் இறுக்கும். சதை கூடும் அளவுக்கு எலும்பு அகலமாவதில்லை என்பதே காரணம். எனவே பெரிய அளவுகளுக்கென்று தனி அடிப்படை வெட்டும், அதைப் போட்டுப் பார்க்கத் தனி ஃபிட் மாடலும் தேவை. கூடுதல் துணிச் செலவும், விற்குமா என்ற ஐயமும் சேர்வதால் பல நிறுவனங்கள் அந்த முயற்சியில் இறங்குவதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சந்தைக்கு அடித்தளமிட்ட 'லேன் பிரையன்ட்' நிறுவனம் இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டது. லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த தையல் கலைஞர் லீனா பிரையன்ட், 1904-ஆம் ஆண்டு நியூயார்க்கில் கடை திறந்து, முதலில் கர்ப்பிணிகளுக்கான ஆடைகளால் பெயர் பெற்றார். பின்னர் பருத்த உடல் கொண்ட பெண்களுக்கான ஆடைகளில் இறங்கியபோது, வாடிக்கையாளர்களின் அளவுகளையும் காப்பீட்டு நிறுவனப் பதிவுகளையும் திரட்டி, அவற்றின் அடிப்படையிலேயே வெட்டு முறைகள் உருவாக்கப்பட்டன. அளவெடுப்பு முதலில் வந்தது. விளம்பரம் பிறகே வந்தது. இன்றைய ஃபேஷன் உலகில் இந்த வரிசை பெரும்பாலும் மாறிக் கிடக்கிறது. விளம்பரத்தில் பெரிய உடல் தோன்றுகிறது. அதைப் பார்த்துக் கடைக்குச் சென்றால் அந்த அளவில் ஆடை இல்லை.

இந்திய மேடையில்

இந்தியாவில் பிளஸ் சைஸ் மாடல்களுக்கென்று ஒரு முக்கிய மேடை அமைந்தது 2016 ஆகஸ்ட் மாதத்தில். மும்பையில் நடைபெற்ற லக்மே ஃபேஷன் வாரத்தில், பியூச்சர் குழுமத்தின் 'ஆல்' என்ற பிளஸ் சைஸ் ஆடைக் கடைக்காக, 'லிட்டில் ஷில்பா' என்று அறியப்படும் வடிவமைப்பாளர் ஷில்பா சவானின் ஆடைகள் காட்சிப்படுத்தப்பட்டன. அதற்கான மாடல்கள் தனித் தேர்வு நடத்தித் தெரிவு செய்யப்பட்டனர். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்' இதழின் நீச்சலுடைச் சிறப்பிதழ் அட்டையில் ஆஷ்லி கிரஹாம் இடம்பெற்றிருந்தார். 'பிளஸ் சைஸ்' என்ற பெயரே பெண்களைப் பிரித்து வைக்கிறது என்று வாதிட்டு வருபவர் அவர்.

அந்த வாதத்தில் பொருள் உண்டு. தனிக் காட்சி, தனிக் கடை, தனிப் பெயர் ஆகியவை தொடக்கத்தில் வாசலைத் திறந்தன. ஆனால் அதே ஏற்பாடு, மற்ற காட்சிகளில் அந்த உடல்களைச் சேர்க்காமல் இருப்பதற்கான சாக்காகவும் மாறிவிடுகிறது.

இந்த வகையில் கொல்கத்தாவைச் சேர்ந்த வடிவமைப்பாளர் சப்யசாச்சி முகர்ஜி செய்தது சற்று வேறுபட்டது. வர்ஷிதா தடவர்த்தி என்ற மாடலுக்கு அவர் தனி வரிசை எதையும் உருவாக்கவில்லை. தமது வழக்கமான மணப்பெண் ஆடைகளையும் நகைகளையுமே அணிவித்துப் படமெடுத்தார். மாநிறமும் பருத்த உடலும் கொண்ட அந்த மணப்பெண்ணின் படங்கள் சமூக வலைதளங்களில் பரவலாகப் பேசப்பட்டன. தென்னிந்தியத் திரையுலகில் வாய்ப்பு தேடிய காலத்தில், எடையும் நிறமும் தமக்குத் தடைகளாகச் சுட்டிக்காட்டப்பட்டதாக வர்ஷிதா பின்னர் பேட்டிகளில் கூறினார்.

இட்லிக்குப் பெயர் வைத்த ஊர்

தமிழ்த் திரையுலகின் நினைவில் இதற்கு நேர்மாறான ஒரு காலமும் உண்டு. 1990-களில் குஷ்புவின் பூசிய உடல்வாகு கொண்டாடப்பட்டது. மிருதுவாகவும் உப்பலாகவும் இருந்த இட்லிக்கு 'குஷ்பு இட்லி' என்று பெயர் சூட்டி மகிழ்ந்தனர் தமிழர்கள். ஆனாலும் அந்தப் பெருந்தன்மைக்கு எல்லை இருந்தது. அந்த எல்லையைத் தாண்டிய உடல் கொண்ட நடிகைகளுக்கு, 1980-களின் பிந்து கோஷ் முதல் பின்வந்த ஆர்த்தி வரை, பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரங்களே கிடைத்தன. பல காட்சிகளில் அவர்களது உடலே நகைச்சுவையாக்கப்பட்டது.

2015-இல் வெளியான 'இஞ்சி இடுப்பழகி' பருமனான பெண்ணைக் கதாநாயகியாக்கியது. அப்பாத்திரத்திற்காக அனுஷ்கா ஷெட்டி தமது எடையைக் கூட்டினார். 2022-இல் வெளியான 'டபுள் எக்ஸ்எல்' என்ற இந்திப் படத்திற்காக ஹூமா குரேஷியும் சோனாக்ஷி சின்ஹாவும் அவ்வாறே செய்தனர். இயல்பாகவே அந்த உடல் கொண்ட நடிகைகள் இருக்கும்போது, மெலிந்த நட்சத்திரம் சிரமப்பட்டு எடை கூட்டுவது அர்ப்பணிப்பாகப் பாராட்டப்படுவது விந்தைதான்.

எடை பற்றிய பேச்சு பருமனானவர்களோடு நின்றுவிடுவதும் இல்லை. 2025 நவம்பரில் 'அதர்ஸ்' திரைப்படத்திற்காகச் சென்னையில் நடைபெற்ற செய்தியாளர் சந்திப்பில், தமது எடை குறித்துப் படக்குழுவினரிடம் முன்பு எழுப்பப்பட்டிருந்த கேள்விக்கு நடிகை கௌரி கிஷன் நேருக்கு நேர் எதிர்ப்பு தெரிவித்தார். ஒரு பெண்ணின் எடை திரைப்படத்திற்கு எவ்வகையில் தொடர்புடையது என்ற அவரது கேள்வி பரவலான விவாதத்தை எழுப்பியது. மலையாளத் திரைக்கலைஞர்களின் சங்கமான 'அம்மா' அவருக்கு ஆதரவு தெரிவித்தது.

எது உண்மையான தோற்றம்?

பருமனான மாடல் ஒருவரைப் படத்தில் சேர்த்துவிட்டால் மட்டும் தோற்றம் உண்மையாகிவிடாது. வாய்ப்பு பெறும் பிளஸ் சைஸ் மாடல்களிலும் பெரும்பாலோர் உயரமானவர்கள். குறுகிய இடையும் தட்டையான வயிறும் கூரிய முகவாயும் கொண்டவர்கள். வயிறு முன்தள்ளியவருக்கும், குட்டையானவருக்கும், தழும்புள்ளவருக்கும் அங்கும் இடமில்லை. சற்றே பருத்த மாடலுக்கு ஆடைக்குள் பஞ்சுத் திண்டு வைத்து உருவத்தைக் கூட்டிக் காட்டுவதும் இத்தொழிலில் அறியப்பட்ட உத்தி. கணினித் திருத்தத்தில் தோல் மடிப்புகள் மறைவது தனிக்கதை.

இதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தச் சில நாடுகள் முயன்றுள்ளன. அதன் பின்னணியில் உயிரிழப்புகள் உள்ளன. 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ் ஃபேஷன் காட்சியின்போதே உயிரிழந்தார். அடுத்த மாதம் மாட்ரிட் ஃபேஷன் வாரம், உடல் நிறை குறியீட்டெண் 18-க்குக் கீழ் உள்ள மாடல்களுக்குத் தடை விதித்தது. நவம்பரில் பிரேசில் மாடல் ஆனா கரோலினா ரெஸ்டன், உணவைத் தவிர்க்கும் மனநோயான அனோரெக்சியாவின் பாதிப்பால் 21 வயதில் இறந்தார். 2012-இல் இஸ்ரேல், 18.5 என்ற குறைந்தபட்ச வரம்பைச் சட்டமாக்கியது. பிரான்சில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்று கட்டாயமானது. உடல் வடிவம் மாற்றப்பட்ட விளம்பரப் படங்களில் 'திருத்தப்பட்ட படம்' என்று குறிப்பிடுவதும் கட்டாயமானது. நார்வேயில் இத்தகைய அறிவிப்பு விதி 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில், விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், 2022-இல் பாலினச் சித்திரிப்பு குறித்த வழிகாட்டுதல்களை வெளியிட்டது. காதலிலோ பணியிலோ ஒருவர் வெற்றி பெறாததற்கு அவரது உடல்வாகே காரணம் என்று விளம்பரங்கள் உணர்த்தக் கூடாது என்று அது கூறுகிறது. பெண் பார்க்க வருவோருக்காக எடை குறைக்கும் மணப்பெண்களின் கதைகளைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இதற்கிடையே செயற்கை நுண்ணறிவு புதிய குழப்பத்தைக் கொண்டுவந்துள்ளது. பலவகை உடல்களையும் நிறங்களையும் காட்டுவதற்காகக் கணினியில் உருவாக்கிய மாடல்களைச் சோதிக்கப்போவதாக 2023-இல் லீவைஸ் நிறுவனம் அறிவித்தபோது, உண்மையான மாடல்களுக்கு வேலை கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. இல்லாத உடலில் ஆடை எப்படிப் பொருந்தும் என்பதைக் கொண்டு, இருக்கும் உடலுக்கு வாங்குவதா என்ற கேள்வியும் அதனுடன் சேர்த்துக் கேட்கப்பட வேண்டியதே.

உடல்நலம் பற்றிய ஐயம்

பருமனான மாடல்களைக் காட்டுவது பருமனை ஊக்குவிப்பதாகாதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. மிகை எடை நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. ஆனால் விளம்பரப் படம் மருத்துவப் பரிந்துரை அல்ல. எடையைக் குறைக்க நடைப்பயிற்சிக்குச் செல்லும் பெண்ணுக்கும், அன்று காலை அவருக்குப் பொருந்தும் காலணியும் சட்டையும் வேண்டும். அவமானம் எடையைக் குறைக்க உதவுவதில்லை. எடைக்காகக் கேலிக்கு ஆளானவர்கள் உடற்பயிற்சிக் கூடத்தையும் மருத்துவரையும் தவிர்க்கும் போக்கை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

சொந்த அளவு எப்போது?

இந்தியாவில் விற்கப்படும் ஆயத்த ஆடைகளின் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய அட்டவணைகளை ஒட்டியவை. ஒரு நிறுவனத்தின் 'லார்ஜ்' மற்றொன்றின் 'மீடியம்' ஆக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சரிசெய்ய, மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமும் (நிஃப்ட்) இணைந்து 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை 2018-இல் அறிவித்தன. கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையிலான 25,000 ஆண்களையும் பெண்களையும் முப்பரிமாண ஸ்கேனர் மூலம் அளவெடுத்து, இந்திய உடல்களுக்கான அளவு அட்டவணையை உருவாக்குவதே திட்டம்.

அத்தகைய அட்டவணை வெட்டும் மேசைக்கு வந்தால், ஃபிட் மாடலாக யாரை நிறுத்துவது என்பது முதல் கேள்வியாக இருக்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் அட்டவணைப்படி பெரிய அளவுகளிலும் ஆடை தைத்து அனுப்பும் திறன் திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் ஏற்கெனவே உள்ளது. அந்த அளவுகளை உள்ளூர்க் கடைகளும் கேட்டு வாங்கி, மற்ற அளவுகளோடு அதே அலமாரியில் அடுக்க வேண்டும்.