தோற்றது அவர்கள்... பட்டினி நாமா?

எங்கள் வண்டியூருக்கும் கோபத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்த அழகர், தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மதுரைக்குள் காலே வைக்காமல் வைகையோடு திரும்பி எங்கள் ஊருக்கு வந்துவிட்டார் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கோபித்துக்கொண்டு வந்தவருக்கு ராத்தங்க இடம் கொடுத்த ஊர் இது. (அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டிலும் கோபத்துக்குக் குறைவில்லை!)

தங்கை கல்யாணம் தவறிப் போனால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் எங்கேயோ புவனேசுவரத்தில் பதினோரு பெண்கள் பந்தாட்டத்தில் தோற்றதற்கு இங்கே ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது? 2022 மே 26-ந் தேதி ராத்திரி எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. மகளுக்கு அப்போது பதினாலு வயசு.

விஷயம் தெரியாத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரையில் சேது எஃப்.சி. என்று பெண்கள் கால்பந்து அணி ஒன்று உண்டு. 2016-ல் ஆரம்பித்தது. சேது தொழில்நுட்பக் கல்லூரியோடு தொடர்புடையது என்பதால் எங்கள் பக்கத்தில் பலரும் அதைக் 'காலேஜ் டீம்' என்றே சொல்வார்கள். 2019-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று ஜெயித்து இந்திய மகளிர் லீக் கோப்பையை வாங்கி வந்தார்கள். மதுரைப் பெயரைச் சொல்லும் அணி, அதுவும் பெண்கள் அணி, இந்தியாவிலேயே முதல்! கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்காத எங்கள் தெருவே அன்று கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தது. தெப்பக்குளம் வறண்டு கிடந்த நாளில் உள்ளே இறங்கி ஆடுவதெல்லாம் பையன்கள்தான். என் மகள் மேலே படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள். 2019-க்குப் பிறகுதான் "எனக்கும் பூட்ஸ் வாங்கித் தாம்மா" என்று கேட்டாள்.

2022-ல் சித்திரைத் திருவிழா சமயத்தில் லீக் ஆரம்பித்தது. பன்னிரண்டு அணிகள், ஆளுக்குப் பதினோரு ஆட்டம். சேது வரிசையாகப் பத்தையும் ஜெயித்தது. கடைசி ஆட்டத்தில் எதிரே நின்ற கோகுலம் கேரளாவும் பத்துக்குப் பத்து! கோல் கணக்கில் அவர்கள் முன்னே இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும். நமக்கோ ஜெயித்தே ஆகவேண்டும். முதல் கோல் நம்முடையது. மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி பயந்து எட்டிப் பார்த்தார். இடைவேளைக்குள் எல்லாம் தலைகீழ்: 3–1. மூன்று வருஷத்துக்கு முன் நாம் ஜெயித்த அதே கணக்கு, இப்போது நமக்கு எதிராக. பின்பாதி முழுக்க ஒரு கோல்கூட விழவில்லை. அந்த நாற்பத்தைந்து நிமிஷம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. இதோ விழுந்துவிடும், இதோ விழுந்துவிடும் என்று காத்திருந்து காத்திருந்து... பத்து ஜெயித்தும் இரண்டாம் இடம்.

"அட, வெளையாட்டுதானே! இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் என்னைக் கேட்டால், தோற்ற ராத்திரியில் பிள்ளையிடம் சொல்லக் கூடாத முதல் வார்த்தை இதுதான். அவர் மட்டும் இந்தியா தோற்ற நாட்களில் யாரோடும் பேசாமல் மொட்டை மாடியில் உலாத்துவாரே, அது என்ன கணக்கு?

மகள் சுவரைப் பார்த்தபடியே சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "நாம தோத்துட்டோம்மா."

'நாம' என்றாள், கவனித்தீர்களா? அமெரிக்காவில் சியால்டினி என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை 1976-லேயே எழுதியிருக்கிறார்கள். கல்லூரிக் கால்பந்து அணி சனிக்கிழமை ஜெயித்தால், திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வரும் மாணவர்கள் அதிகமாம். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் "நாங்கள்" என்று பேச்சு வரும். தோற்ற ஆட்டம் என்றால் மெல்ல "அவர்கள்" ஆகிவிடும். நம் ஊர் டீக்கடையில் தினமும் கேட்கிற பேச்சுதான் இது. "ஜெயிச்சிட்டோம்ல!" – "தோத்துட்டானுங்க, பயலுக!" அப்படியிருக்க, தோற்ற பிறகும் 'நாம' என்று சொன்ன பிள்ளையைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த எடத்துல ஆட்டம் கைய விட்டுப் போச்சு, சொல்லு பாப்பம்" என்றேன். அரை மணி நேரம் பேசினாள், எனக்குப் பாதி புரியவில்லை. பத்து மணிக்கு எழுந்து இரண்டு கவளம் ரசஞ்சாதம் சாப்பிட்டாள். மறுநாள் வழக்கம்போல் மைதானத்துக்குப் போனாள்.

சாப்பிடாமல் படுப்பது ஒரு ரகம் என்றால், தோற்ற துக்கத்தில் கண்டதையும் தின்பது இன்னொரு ரகம். 2013-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். சொந்த ஊர் அணி தோற்ற மறுநாள் கெட்ட கொழுப்புப் பண்டம் உள்ளே போவது 16 சதவீதம் கூடியதாம். ஜெயித்த மறுநாள் 9 சதவீதம் குறைந்ததாம். தோல்விக்குப் பின் தங்கள் வாழ்க்கையில் எதெல்லாம் முக்கியம் என்று உட்கார்ந்து எழுதியவர்களுக்கு மட்டும் அந்தப் பசி அடங்கிவிட்டது! பரோட்டாவும் சால்னாவும் ராத்திரி பன்னிரண்டு வரை கிடைக்கிற மதுரையில் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீட்டில் ரத்தக்கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்கள் இருந்தால் இதைவிடக் கவனம் தேவை. 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது, ஜெர்மனி ஆடிய நாட்களில் ம்யூனிக் வட்டாரத்தில் இருதய அவசரச் சிகிச்சைகள் 2.66 மடங்காகின. பெண்களுக்கும் 1.82 மடங்கு, ஆகவே 'ஆம்பளைங்க சமாசாரம்' என்று விட வேண்டாம். மேட்ச் நாளன்று மாத்திரையை வேளைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆட்டம் முடியட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடை அல்லது தோளில் வலி, பெண்களானால் வெறும் குமட்டலும் அசதியும்கூட – கண்டால் சோடா வாங்கிக் கொடுத்துப் பார்க்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். விசித்திரம் பாருங்கள், இந்தியாவும் பத்து ஆட்டம் வரிசையாக ஜெயித்துப் பதினோராவதில்தான் தோற்றது. நம்மவர்கள் 240, ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் வெற்றி, டிராவிஸ் ஹெட் ஒருவரே 137. தீபாவளி முடிந்து ஒரு வாரம். வெற்றிக்கென்று மிச்சம் பிடித்து வைத்த பட்டாசைத் தெருப் பையன்கள் அப்படியே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். தெருவே இழவு வீடு மாதிரி அடங்கிக் கிடந்தது.

மறுநாள் காலையில் குழாயடிக்கு வந்த ஒருத்தியின் கன்னம் வீங்கியிருந்தது. "பல்லு வலிக்கா" என்றாள். யாரும் பதில் பேசவில்லை. அப்புறம் என்னிடம் தனியாகச் சொன்னாள். ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைக்கச் சொன்னாளாம், அவ்வளவுதான்.

இதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். கார்டு, டால் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2011-ல் வெளியிட்டது. ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்பிய உள்ளூர் அணி தோற்ற நாளில், ஆண்கள் வீட்டுப் பெண்களை அடிப்பது 10 சதவீதம் கூடியது. தோற்கும் என்று முன்பே தெரிந்த ஆட்டத்தில் தோற்றால் அப்படிக் கூடவில்லை. ஏமாற்றம்தான் ஆளைக் கிளப்பிவிடுகிறது. ஆனால் அதே ஏமாற்றம் எங்கள் வீட்டுக்காரரை மொட்டை மாடிக்கு அனுப்பியது. என் மகளைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. ஆட்டம் தோற்றால் கை தானாக ஓங்காது. ஓங்குகிறவர்தான் ஓங்குகிறார். "பாவம், மேட்ச் தோத்த கோவம்" என்று நாமே சமாதானம் சொல்வதை எனக்கு ஏற்க முடியவில்லை.

மகளிர் உதவிக்கு 181 என்ற எண் உண்டு, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது என்று அவளிடம் சொன்னேன். "போன்ல ஏத்த வேணாங்க்கா, அவரு எடுத்துப் பாப்பாரு" என்றாள். வீட்டுக்குள் வந்து, என்னிடம் பென்சில் வாங்கி, கையிலிருந்த ரேஷன் பையின் உள்பக்கத் துணியில் மூன்று எழுத்தையும் சின்னதாக எழுதிக்கொண்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.