நீர்த்தலை நோயும் அன்றாட வாழ்வும்

மாணவர்களே, வளர்ந்தவரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் மூளைய முண்ணாண் பாய்பொருள் சுரக்கின்றது. இது வடியாது மூளையறைகளில் தேங்குவதே நீர்த்தலை நோயாகும். சத்திரசிகிச்சையால் பொருத்தப்படும் வால்வுடைய குழாய், மிகையான பாய்பொருளைப் பெரும்பாலும் வயிற்றறைக்கு வடிக்கும். அங்கு அது அகத்துறிஞ்சப்படும். இந்தியாவில் உற்பத்தியாகும் சாப்ரா குழாய் விலை குறைந்தது.

அன்றாடச் செயல்களின் விளைவுகள்:

1. நிற்றல்: புவியீர்ப்பினால் வடிதல் கூடும்.

2. காந்தம்: காந்தத்தால் செப்பஞ்செய்யப்படும் வால்வாயின், அதனருகே கைபேசி, ஒலிபெருக்கி வைத்தால் அதன் அமைப்பு மாறக்கூடும்.

3. விளையாட்டு: காயம் ஆறியபின் ஓடலாம், நீந்தலாம். தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுக்களுக்கு வைத்திய ஆலோசனை அவசியம்.

கவனிக்க: குழாய் அடைபட்டால் தலையிடி, வாந்தி, தூக்கமயக்கம் தோன்றலாம். வகுப்புத் தோழனுக்கு இவ்வாறு நேர்ந்தால், வெயிலால் வந்ததென எண்ணிப் படுக்கவைக்காதீர்கள். உடனே ஆசிரியருக்கு அறிவித்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். தாமதம் உயிராபத்தாகும்.