பழைய பேழையும் புதிய பலகையும்

நொய்யலாற்றின் கரையிலுள்ள திருப்பூர் பனியன் தொழிலாற் பெயர்பெற்ற நகரமென்பதை யாவரும் அறிவர். நூல் பின்னற்றுணியாகிச் சாயமேறி, வெட்டித் தைக்கப்பட்டுக் கப்பலேறும் வரையுள்ள வேலைகளை அங்குச் செல்வோர் தெருத்தோறுங் காணலாம். ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத சரக்கொன்றும் அவ்வூரில் உண்டு. ஒவ்வோரளவுக்கும் வரைந்த பேட்டர்ன்கள், துணி வீணாகாதவாறு அவற்றை அடுக்கிய மார்க்கர்கள், எம்பிராய்டரிச் சித்திரங்கள், சாயக் கலவைக் குறிப்புகள், வரவுசெலவுக் கணக்குகள் ஆகிய இவையெல்லாம் இந்நாளிற் கணிப்பொறியினுள் உள்ளங்கையளவேயான ஒரு பேழையில் அடங்கிக் கிடக்கின்றன. ஹார்ட் டிஸ்க் ஆயினும் எஸ்.எஸ்.டி. ஆயினும் அதனை இக்கட்டுரையிற் பேழை என்றே வழங்குவோம். மதர்போர்டு என்பதைத் தாய்ப்பலகை என்போம். பலகையை மாற்றுங்கால் பழைய பேழை அதனோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சி இப்பொழுது வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதன்பின் வந்த விண்டோஸ் 11, பழைய பலகைகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆதலின் பனியன் கம்பெனி அலுவலகங்கள் பலவற்றிற்குப் பலகை மாற்றம் தவிர்க்கவொண்ணாததாயிற்று.

பின்னல் யந்திரத்தை அறிந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். 24 கேஜ் சிலிண்டரில் 18 கேஜ் ஊசி இறங்காது. இது வடிவப் பொருத்தமின்மை. வேறோர் ஊசி தடிப்பிலும் நீளத்திலும் ஒத்துக் காடியில் இறங்கிவிடும். ஆனால் அதன் உடலிலுள்ள மேடு காமின் பாதையிற் சேராதாயின் அவ்வூசி ஏறியிறங்கிக் கண்ணி பின்னாது. இது நடைப் பொருத்தமின்மை. பேழைக்கும் பலகைக்கும் இடையே இவ்விரண்டும் உள. இவற்றின் மேலும் இரண்டுள.

முதலாவது வடிவம். பழைய ஐ.டி.இ. பேழைகள் 40 துளையுள்ள அகன்ற பட்டைக்கம்பியால் இணைக்கப்பட்டவை. 2003ஆம் ஆண்டளவில் சாட்டா என்னும் இணைப்பு வந்தது. அதிற் செய்திக்கு 7 முனைகளும் மின்சாரத்திற்கு 15 முனைகளும் உண்டு. இன்றைய பலகைகளில் ஐ.டி.இ. இணைப்பு இல்லை, அத்தகைய பேழையை யு.எஸ்.பி. மாற்றியொன்றின் உதவியாற் படித்துப் பிரதி செய்துகொள்ளலாம். சாட்டாப் பேழைக்கோ இத்துன்பம் இல்லை. நொடிக்கு 1.5, 3, 6 கிகாபிட் என அதன் வேகம் இருமுறை உயர்ந்தபோதிலும், பழையது புதியதோடு பழைய வேகத்திலேயே இசைந்து செல்லும்.

இரண்டாவது நடை. எம்.2 என்பது 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமுமுள்ள மெல்லிய பேழை. அவ்வடிவில் இருவகையுண்டு. ஒன்று சாட்டா நடையிற் பேசும். மற்றொன்று 2011இல் வகுக்கப்பட்ட என்.வி.எம்.இ. நடையிற் பேசும். முன்னது நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டும், பின்னது அதனினும் பன்மடங்கும் தரவல்லன. பலகையின் துவாரம் என்.வி.எம்.இ. ஒன்றையே அறியுமாயின், சாட்டா எம்.2 அதனுட் செவ்வனே பொருந்தியும் திரையிற் தோன்றாது. சில பலகைகளில் எம்.2 துவாரத்தை நிரப்பினால் சாட்டா இணைப்புகளுள் ஒன்றிரண்டு செயலற்றுப்போம். இவையெல்லாம் பலகையோடு வரும் கையேட்டில் எழுதப்பட்டுள்ளன. அதனைப் படிப்போரே சிலர்.

மூன்றாவது துவக்கமுறை. பழைய கணிப்பொறிகள் பயாஸ் என்னும் முறையாலும் எம்.பி.ஆர். என்னும் பகுப்பாலும் துவங்கின. புதியவை யூ.இ.எஃப்.ஐ. முறையையும் ஜி.பி.டி. பகுப்பையும் வேண்டுவன. ஆதலிற் பழைய பேழையைப் புதிய பலகையில் இணைத்தவுடன் கணிப்பொறி துவங்காதொழியலாம். ஈண்டொன்றை நன்கு நினைவிற் கொள்ளல்வேண்டும்: துவங்காமை வேறு, அழிந்தமை வேறு. அப்பேழையை இரண்டாம் பேழையாக இணைத்தால் உள்ளிருப்பவை பெரும்பாலும் அப்படியே படிக்கக் கிடைக்கும். திரை "ஃபார்மட் செய்யவா?" என்று வினவும்போது பதற்றத்தால் உடன்படுவோரே உண்மையில் இழப்போராவர்.

நான்காவது பூட்டு. பிட்லாக்கர் என்னும் ஏற்பாடு பேழையிலுள்ளவற்றை மறைமொழியாக்கி, அதன் திறவுகோலைக் கணிப்பொறியின் டி.பி.எம். என்னும் காவற்கூறில் வைக்கின்றது. பேழை மட்டும் புதிய பலகைக்குச் செல்லின் திறவுகோல் பழைய பலகையோடு நின்றுவிடும். அப்போது 48 இலக்கமுள்ள மீட்பெண்ணொன்றே வழி.

எமக்குப் பழக்கமான சிறு பனியன் கம்பெனி ஒன்றில் நிகழ்ந்ததை இங்குக் கூறுவேன். பேட்டர்ன் அறையிலிருந்த கணிப்பொறியின் பலகை ஒருநாட் பழுதுற, வேறு பலகை பொருத்தினர். பேழை இசைந்தது; விளக்கெரிந்தது; ஆயின் திரையோ அவ்வெண்ணைக் கேட்டு நின்றது. அதனை அறிந்தார் அங்கு எவருமிலர். பழைய வாடிக்கையாளரிடமிருந்து அதே சட்டைக்கு மறு ஆர்டர் வந்திருந்த வாரமது. கட்டிங் மேசையில் துணி விரிக்கப்பட்டிருக்க, வெட்டுவோர் கைகட்டி நின்றனர். பொருத்த வந்தவர், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போட்டுத் தருகிறேன்" என்றார். முதலாளியின் வயதான தாயார், "பூட்டினவன் யாரென்று முதலில் கேளுங்களப்பா" என்றார். பூட்டியவர், ஈராண்டுக்கு முன் வேலைவிட்டுச் சென்ற பேட்டர்ன் மாஸ்டர். அவரைத் தேடித் தொலைபேசியில் அழைத்தபோது, மீட்பெண் அவருடைய சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிற் சேமிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அவர் மனமுவந்து எண்களை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, பேழை திறந்தது. ஒன்றரை நாள் வேலை போயிற்று. பல்லாண்டு உழைப்புப் பிழைத்தது. அவர் கிடைத்திராவிடின் என்னாகும் என்பதை எண்ணவும் அஞ்சுகின்றேன்.

ஆதலிற் பலகை மாற்றுவோர் செய்யற்பாலன இவை. பலகை வாங்குமுன் பழைய பேழையின் வகையையும் புதிய பலகையின் கையேட்டையும் ஒப்புநோக்குக. பழைய கணிப்பொறி உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் வேறொரு பேழையிற் பிரதி செய்து, அப்பிரதியைத் திறந்து பார்த்து உறுதி செய்க. பூட்டு உளதாயின் அதனைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்பெண்ணைத் தாளில் அச்சிட்டுக் கம்பெனியின் பத்திரங்களோடு வைக்க. விண்டோஸின் உரிமமும் பெரும்பாலும் பலகையோடு பிணைக்கப்பட்டதாகலின் அதற்குரிய சான்றையும் எடுத்து வைக்க. புதியதில் யாவும் இயங்கக் கண்டபின்னும் பழைய பேழையைச் சின்னாள் அழியாது காக்க. ஜி.எஸ்.டி. சட்டம் கணக்குகளை, ஆண்டறிக்கை அளிக்கவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பேணச் சொல்கிறது. ஆகவே இது விருப்பம் மட்டுமன்று, கடமையுமாம்.

நம் மாணவருட் பலர் நாளை இத்தகைய அலுவலகங்களில் அமர்வர். அங்குக் கணிப்பொறி அறிந்தவர் தாம் ஒருவரேயாகவும் இருத்தல் கூடும். அவர்க்கு யாம் சொல்வது இதுவே: பலகை கடையிற் கிடைக்கும், பணம் கொடுத்தால் மறுநாளே வரும். ஒரு மாஸ்டர் தம் கண்ணாலும் கையாலும் பல்லாண்டு திருத்திய அளவுகளோ எந்தக் கடையிலும் விலைக்கு வாரா. விலைக்கு வாராததை முதலிற் காத்து, விலைக்கு வருவதைப் பின்னர் மாற்றுக.