சீந்திற்கொடியும் சோதனையும்

மாதுங்காவின் நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கையும் திப்பிலியையும் அதிமதுரத்தையும் நாம் தமிழிலேயே கேட்டு வாங்கி வருகிறோம். தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில் இவை அஞ்சறைப் பெட்டிக்கு அடுத்த இடத்தைப் பெற்றவை. ஆனால் சீந்தில் என்னும் கொடியைப் பொறுத்தவரையில் பெயரே ஒரு சிக்கல். மராத்தியர் அதனைக் குள்வேல் என்பர்; இந்தி பேசுவோர் கிலோய் என்பர்; வடமொழி மருத்துவ நூல்களில் அது குடூசி. 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது இந்நான்கு பெயர்களும் வீடுதோறும் ஒலித்தன. நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்ற நம்பிக்கையில் பலர் அதனை நாள்தோறும் காய்ச்சிக் குடித்தனர்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? உண்டு, அதுவும் இம்மும்பை நகரிலேயே உண்டு. மாதுங்காவிலிருந்து ரயிலில் இரண்டாவது நிலையம் பரேல். அங்கே 1926-இல் தொடங்கப்பெற்ற கே. இ. எம். மருத்துவமனை, மூலிகைகளை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தறிந்த வரலாற்றில் தனியிடம் பெற்றது.

முதலில் சர்ப்பகந்தியைச் சொல்ல வேண்டும். அதன் வேரை நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். இம்மருத்துவமனையின் இருதய நோய் நிபுணர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்தம் மிகுந்த 50 பேருக்கு அதனைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து குறித்து, முடிவை 1949-இல் இங்கிலாந்தின் இருதய மருத்துவ ஏடு ஒன்றில் வெளியிட்டார். அதன் பின்னரே மேனாட்டார் அவ்வேரைக் கூர்ந்து நோக்கினர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதனுள் இருந்த ரிசர்ப்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அம்மருந்தை உண்டவர்களுள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்ற செய்தியும் தொடர்ந்து வந்தது. பயனை அளந்தது போலவே தீங்கையும் கணக்கில் எடுத்தபோதுதான், எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்ற தெளிவு பிறந்தது.

இனிச் சீந்திலுக்கு வருவோம். பித்தநீர் செல்லும் குழாய் அடைபட்டு மஞ்சள் காமாலை கண்டவர்க்கு அறுவை செய்வது அபாயமானது. ஈரலில் கிருமிகளை விழுங்கும் அணுக்கள் அந்நிலையில் சோர்ந்துபோவதால் இரத்தத்தில் நச்சு பரவி உயிருக்கே இடர் நேரும். சீந்தில் அவ்வணுக்களை ஊக்குமா என்று கே. இ. எம். ஆய்வாளர் வினவினர். 30 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். எப்பிரிவில் யார் என்பதை மருத்துவரின் விருப்பமன்று, குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. இரு பிரிவினர்க்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பிரிவினர்க்கு மட்டும் அத்துடன் உடல் எடையில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வீதம் சீந்தில். 1993-இல் வெளியான முடிவின்படி, அறுவைக்குப் பின் பிழைத்தோர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 40. சீந்தில் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 92-க்கும் மேல். முப்பது பேர் என்பது சிறு தொகையே. எனினும் இது வெறும் பாட்டி சொல் அன்று.

அதே கொடி, அதே நகரம், 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஈரல் வீங்கி மஞ்சள் காமாலையுடன் வந்த ஆறு பேரிடம் மும்பை மருத்துவர் துருவி விசாரித்தபோது, அனைவருமே சீந்தில் குடித்து வந்தவர் எனத் தெரிந்தது. 2021-இல் அவர்கள் இதனை வெளியிட்டதும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. நோயாளிகள் உண்டது உண்மையில் சீந்தில்தானா, அதனைப் போன்ற வேறு கொடியா என்பது ஆராயப்படவில்லை என்பது அதன் வாதம். நியாயமான கேள்வியே. சீந்திலின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கொடி உண்டு. அதன் தண்டில் மருப் போன்ற முடிச்சுகள் மிகுதி. பழகாத கண்ணுக்கு வேற்றுமை புலப்படாது. ஆயினும் 2022-இல் நாட்டின் 13 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து இவ்வாறே பாதிக்கப்பட்ட 43 பேரின் விவரத்தை வெளியிட்டபோது, ஆள்மாறாட்டம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது கடினமாயிற்று. கொடியை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர்.

இரண்டும் எவ்வாறு மெய்யாகும்? மருத்துவர் தரும் விளக்கம் இது. சிலருடைய உடலில் எதிர்ப்பாற்றல் வழிதவறித் தன் ஈரலையே தாக்கும் இயல்பு மறைந்து கிடக்கும். சோர்ந்த அணுக்களை ஊக்கி ஒருவரைக் காத்த அதே ஆற்றல், இத்தகையவரிடம் உறங்கும் பகையைத் தட்டி எழுப்பிவிடலாம். பரேலில் அளவு உண்டு, கால வரம்பு உண்டு, ஈரலைச் சோதிக்கும் கண் உண்டு. வேலியில் பறித்துக் காய்ச்சியவர்க்கு இவை மூன்றும் இல்லை. ஆயுஷ் நெறிமுறையே 2020-இல் சீந்தில் மாத்திரைக்கு 15 நாள் அல்லது ஒரு மாதம் என்றுதான் வரையறுத்தது. நோயுற்ற 43 பேருள் பாதிப்பேர்க்கு அறிகுறி தோன்றியதே ஏறத்தாழ ஆறரை வாரத்துக்குப் பின்னர்தான். “மூலிகைதானே” என்று கூறும் அந்தத் “தானே”யில்தான் நமக்கு ஐயம்.

மொழிபெயர்ப்பு வேலையில் நாம் அன்றாடம் காண்பது, ஒரு பெயர் எல்லை தாண்டும்போது பொருள் நழுவுவதை. மருந்தில் அது நழுவினால் விளைவு பெரிது. சீந்தில் உண்டுவரும் ஒருவர்க்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, பசி அறவே அற்றாலோ, கஷாயத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். முன்பே ஈரல் நோயோ, உடல் தன்னையே தாக்கும் நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது. மருத்துவரிடம் செல்லும்போது, சூரணமானால் அதன் உறையையும், பச்சைக் கொடியானால் இலையோடு கூடிய ஒரு துண்டுத் தண்டையும் கையில் எடுத்துச் செல்வது நலம். அவர் எம்மொழியினராயினும் அதனைப் பார்த்து அறியலாம், அல்லது அறிந்தவரிடம் அனுப்பலாம்.