வெர்சேயில் நடந்த விழா
முதல் உலக யுத்தத்தில் வெர்தூன் போர்க்களத்தில் காயமுற்று ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவரான பிரெஞ்சு ஜனாதிபதி தெகோலும், 87 வயதை எட்டிவிட்ட ஜெர்மன் சான்சலர் அடினோவரும், 1963 ஜனவரி 22 அன்று பாரிஸ் எலிசே மாளிகையில் சிநேக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். அதன் நாற்பதாம் ஆண்டு விழாவை 2003-ல் எங்கே நடத்தினார்கள் என்பதுதான் விசேஷம்: 1871-ல் பிரஷ்ய மன்னர் ஜெர்மன் சக்கரவர்த்தியாகப் பிரகடனம் செய்யப்பட்டதும், 1919-ல் தோல்வியுற்ற ஜெர்மனி தலைகுனிந்து சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டதுமான அதே வெர்சே அரண்மனையில் இரு தேசத்துப் பாராளுமன்ற அங்கத்தினரும் ஒருங்கே அமர்ந்தனர். விழாவையொட்டி பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர்கள், இருவருக்கும் பொதுவான சரித்திரப் பாடநூல் வேண்டுமென்று கேட்க, அதன் முதற் பாகம் 2006-ல் வெளிவந்தது. அன்று நிகழ்ந்த பிரசங்கங்கள் அனைத்தையும்விட, என் அபிப்பிராயத்தில், அந்தப் புத்தகமே மேல்.