திரியாய்க் கடலும் பாய்த்தோணிப் பயிற்சியும்

கடலோரத்திற் பிறந்தவர் யாவரும் கடலோட வல்லவர் என்று உள்நாட்டார் எண்ணுவதுண்டு. திருகோணமலை மாவட்டத்தவராகிய நம்மைப் பற்றியும் அங்ஙனமே எண்ணுகின்றனர். உண்மை வேறு. நிலாவெளி, குச்சவெளி கடந்து வடக்கே சென்றால் வரும் திரியாயை எடுத்துக்கொள்வோம். அவ்வூரார் பெரும்பாலும் வயலையும் குளத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள். கடல் அண்மையில் இருந்தும், அதன்மேற் பாய் விரித்துச் செல்லும் வித்தை இன்று அங்குள்ள இளைஞர்க்குக் கொழும்பு இளைஞர்க்கு எவ்வளவு அயலோ அவ்வளவு அயல்.

முன்னாளில் அப்படியன்று. ஊரார் கந்தசாமிமலை என வழங்கும் குன்றில், கிரிஹண்டுசாய என்னும் பழைய பௌத்த தூபியின் அருகே, பாறையில் வெட்டிய சாசனம் ஒன்று உண்டு. மொழி வடமொழி, எழுத்துப் பல்லவ கிரந்தம், காலம் கி. பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு. கடலிற் கலம் செலுத்துவதில் தேர்ந்த வணிகர் கூட்டத்தாரை அச்சாசனம் குறிப்பிடுகின்றது. அவ்வணிகர் எந்நாட்டார் என்னும் வழக்கை வரலாற்றாசிரியர்பால் விட்டுவிடுகின்றேன். இக்கரைக்குப் பாய்க்கலங்கள் வந்தன, காற்றறிந்தோர் அவற்றைச் செலுத்தினர் என்பதே நமக்கு வேண்டுவது.

அவ்வறிவு நம் மக்களிடையே அண்மைக்காலம் வரை நின்று நிலவியது. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கப்பல், தமிழ் மாலுமிகளுடன் அட்லாந்திக்குக் கடலையுங் கடந்து, 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. அம்மாலுமிகள் எந்தப் பள்ளியிற் பயின்றனர்? சிறுவனாய்த் தோணியேறி, உலை வைத்து, நீர் இறைத்து, ஆஞ்சான் இழுத்து, தண்டையலின் முகக்குறிப்பை நோக்கி நோக்கிப் பல்லாண்டுகளிற் பெற்ற பயிற்சி அது. யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தோணியில் இயந்திரம் பூட்டியபின் அப்பயிற்சிக்கு வேலையில்லாது போயிற்று. திரியாய்க்கோ அதனினும் பெரிய இடையீடு நேர்ந்தது. 1985இல் வீடுகள் எரியுண்டு ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீண்டோர் பல்லாண்டு கழித்தே மீண்டனர். பாட்டனிடமிருந்து பேரன் கற்கவேண்டியதைக் கற்கும் வாய்ப்பு அகதி முகாமில் ஏது?

ஆகவே இன்று ஒருவன் பாய்த்தோணி செலுத்தக் கற்க விரும்பின், முறைப்படுத்திய பயிற்சி வகுப்பை நாடுவதே வழி. மேல்நாடுகளில் இவ்வகுப்புகள் பெரிதும் ஒழுங்குபெற்றுள்ளன. பிரித்தானியாவின் றோயல் யாட்டிங் சங்கம் வகுத்த பாடத்திட்டத்தில் முதற்படிக்கு இரண்டு நாள், இரண்டாம் படிக்கு இரண்டு நாள். நான்கு நாளில் மாலுமியா என்று நம் பெரியோர் நகைப்பர், நகைக்க வேண்டா. அந்நாள்கள் மாலுமியை ஆக்குவதில்லை. புறப்பட்ட இடத்துக்கு மீள வல்லவன் ஒருவனை ஆக்குகின்றன.

அவ்வகுப்புகளின் முதற்பாடம் கயிறுமன்று, சுக்கானுமன்று; காற்று எத்திசையினின்று வருகின்றது என்பதே. கன்னத்திலும் காதிலும் அதனை உணரவும், நீரின் சுருக்கங்களை நோக்கி அறியவும் பழக்குவர். காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்த்தோணியும் செல்லாது. அத்திசைக்கு இருமருங்கும் ஏறத்தாழ 45 பாகை வரை செல்லாப் புலம் எனக் கொள்க. அப்புலத்துள் அணியத்தைத் திருப்பினால் பாய் படபடத்துத் தோணி நின்றுவிடும். காற்றை எதிர்த்து ஓரிடத்தை அடைய வேண்டின், வலமும் இடமுமாக மாறிமாறிச் சாய்ந்து, கோணல் வழியாகவே ஏறவேண்டும்.

காற்றுக்குக் குறுக்காகச் செல்வதே எல்லாவற்றினும் எளிது. ஆதலின் முதல்நாள் மாணவனைக் காற்றுக்குக் குறுக்கே போகவும், திரும்பி அவ்வழியே வரவும் விடுவர். தாமான் கயிற்றை இழுத்தால் பாய் காற்றை ஏற்று வேகம் பிறக்கும். விட்டால் காற்று வழிந்து வேகம் தணியும். அஞ்சிய வேளையிற் கயிற்றை இறுகப் பற்றுவது மனித இயல்பு. பயிற்சியாளர் அதற்கு மாறாகக் கையை விடப் பழக்குகின்றார். இவ்வொரு பழக்கம் கைவரப்பெற்றவன் பாதிப் பாடத்தைக் கற்றவனாவான். தோணி பக்கவாட்டில் நழுவாதபடி நடுவே நீருள் இறக்கும் பலகையின் பயனும் அப்பொழுதே விளங்கும். அப்பலகை இல்லையேல், குறுக்கே செல்ல முயன்ற தோணி காற்றின் போக்கிலேயே ஒதுங்கிவிடும்.

வேண்டுமென்றே தோணியைக் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சியும் உண்டு. கவிழ்ந்தவன் கரையை நோக்கி நீந்தலாகாது; தோணியை விட்டு நீங்காது, வெளியே நிற்கும் நடுப்பலகைமேல் ஏறித் தன் நிறையால் அதனை நிமிர்த்தவேண்டும். மிதவை அங்கி அணியாத எவரையும் தோணியில் ஏற்றுவதில்லை. காற்று பின்னிருந்து வரும்போது பாய் ஒருபுறமிருந்து மறுபுறம் திடீரெனப் பாயும். அதன் அடிக்கழி தலையில் மோதாமற் குனியவும் கற்பிப்பர்.

இவையெல்லாம் எந்நாட்டுக்கும் பொது. திரியாய்க்கே உரிய பாடம் ஒன்றுண்டு. அதனை எந்த மேல்நாட்டுப் பாடநூலும் நமக்காக எழுதி வைக்கவில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நம் பகுதியிற் கச்சான் வீசும். அது தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து கடலுக்குச் செல்லும் காற்று. தரை மறைப்பதாற் கரையோரம் குளம்போல அமைதியாயிருக்கும். புதியவன் அவ்வமைதியைக் கண்டு, இதுவே கற்பதற்கு ஏற்ற பருவம் எனத் துணிவான். தோணியும் தானே கடலை நோக்கி இனிதாக ஓடும். கரையை விட்டு விலக விலகக் காற்று வலுக்கும்; அலையும் எழும். திரும்ப எண்ணும்போது, கரை இருப்பதோ செல்லாப் புலத்தினுள். காற்றை எதிர்த்துக் கோணி ஏறும் வித்தை அறியாதவனுக்கு எதிரே இருப்பது வங்கக் கடல். அடுத்த கரை நெடுந்தொலைவு. வாடைக்காலத்து அலையைக் கண்டு எவனும் தோணியிறக்கான். ஆதலின் முரட்டு வாடையினும் மெல்லிய கச்சானே பயில்வோனுக்குப் பெரும் பகை என்பேன்.

இதனாலேயே அறிந்தோர் திறந்த கடலிற் கற்பிப்பதில்லை. நம் நாட்டில் இலங்கை மோட்டார் யாட்டுக் கழகம் போல்கொட ஏரியிலும், கொழும்பு றோயல் யாட்டுக் கழகம் கொழும்புத் துறைமுகத்திலும் இடங்கொண்டுள்ளன. 1911இல் நிறுவிய சென்னை றோயல் யாட்டுக் கழகமும் துறைமுகத்து உள்நீரையே பற்றி நிற்கின்றது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் என்னும் பெண்மணி, தமிழ்நாட்டுப் பாய்ப்படகுச் சங்கம் 2009இல் நடத்திய கோடைகாலப் பயிற்சியிலேதான் முதன்முதற் பாய்ப்படகு ஏறினார். 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அவர் கலந்துகொண்டார். பாய்ப்படகுப் பிரிவில் ஒலிம்பிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. கடலோர மரபு எதுவும் இல்லாத ஒரு சிறுமிக்கு விடுமுறைக்கால வகுப்பொன்று திறந்த வாயில் அது.

நம் திருகோணமலைத் துறைமுகமோ மலைகள் சூழ்ந்த ஆழமான உள்நீர். பயில்வோர்க்கு இதனினும் சிறந்த இடம் அரிது. 1957இல் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றபின் அது நம் நாட்டுக் கடற்படையின் வசமாயிற்று. 1967 முதல் கடற்படைக் கலாசாலையும் அங்கு இயங்குகின்றது. வேடிக்கை என்னவெனில், 1817இல் பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டிய "திருகோணமலை" என்னும் போர்க்கப்பல், பெயர்மாறி, 1903 தொடக்கம் 1986 வரை இங்கிலாந்து இளைஞர்க்குக் கடற்பயிற்சி அளித்தது. பின்னர்ப் பழைய பெயரையே மீளப் பெற்று, இன்று ஹாட்டில்பூல் துறையிற் காட்சிப்பொருளாய் நிற்கின்றது. நம் ஊர்ப்பெயரைத் தாங்கிய கப்பலில் அயல்நாட்டுச் சிறுவர் கற்றனர். நம் சிறுவரோ துறைமுகத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்க்கின்றனர்.

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா ஆண்டில் இதனைச் சிந்திக்கலாம். உள்துறைமுகத்தில் தோணியிறக்கக் கடற்படையினதும் துறைமுக அதிகாரசபையினதும் இசைவு வேண்டும். அதனை ஒரு தனி மனிதன் கேட்பதினும் கல்லூரி கேட்பது தகும். தொடக்கத்துக்கு இரண்டு சிறு தோணிகள் போதும். 1947இல் கிளாக் மில்ஸ் என்பார் சிறுவர்க்கென வகுத்த ஒப்ரிமிஸ்ட் வகைத் தோணி எட்டடி நீளமும் இல்லை. பதினைந்து வயது வரையுள்ளோர்க்கு ஏற்றது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களே வகுப்பைத் தொடங்க உகந்தவை. அப்பொழுது பிற்பகலில் வெயிலாற் சூடேறிய தரையை நோக்கிக் கடற்காற்று வீசும். கைதவறிய தோணியையும் அது கரைக்கே கொணர்ந்து சேர்க்கும். திரியாய், குச்சவெளி, நிலாவெளி முதலிய ஊர்களிலிருந்து கல்வி கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுக்கவேண்டும். அவர்களிற் பலர் கச்சானையும் வாடையையும் பெயர்சொல்லி அறிந்தே வருவர். அக்காற்றிலே தோணியைத் திருப்பிக் கரை சேர்க்கும் முறையே அவர்க்குக் கற்பிக்க எஞ்சியிருப்பது.