பெண் பிள்ளையின் படிப்பு எங்கே நிற்கிறதோ, உதவி அங்கே போய்ச் சேர வேண்டும்

மெர்கோங் – மலேசியாவில் ஆரம்பக் கல்வி 2003-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக உள்ளது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம் வகை செய்கிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது.

சட்டம் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு வந்து சேர்க்கும். ஆனால் பஸ் கட்டணம், தூரம், வீட்டு வேலை, ‘படித்தது போதும், வேலைக்குப் போகட்டும்’ என்ற எண்ணம் ஆகியவை பாதியில் அவளைத் திரும்ப அழைத்துப் போய்விடுகின்றன. இதை உணர்ந்த சில அரசாங்கங்கள், படிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்திலேயே உதவியை வைத்தன.

சைக்கிளும் உதவித்தொகையும்

இந்தியாவின் பீகார் மாநிலத்தில் ஆரம்பப் பள்ளி பெரும்பாலும் கிராமத்திலேயே இருந்தது. உயர்நிலைப் பள்ளியோ தொலைவில் இருந்தது. மகளைத் தனியே நடந்து போகவிடப் பெற்றோர் அஞ்சினர். 2006-இல் அம்மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் ஆராய்ந்ததில், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் விகிதம் சுமார் 30 விழுக்காடு உயர்ந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம்.

வங்காளதேசத்தில் படிப்பை நிறுத்தியது இளவயதுத் திருமணம். 1994-இல் கிராமப்புற இடைநிலைப் பள்ளி மாணவிகளுக்கு உதவித்தொகைத் திட்டம் நாடு முழுவதும் வந்தது. 75 விழுக்காடு வருகை, தேர்வில் 45 விழுக்காடு மதிப்பெண், படிக்கும் காலத்தில் திருமணம் கூடாது என மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

தாலித் தங்கத்திலிருந்து கல்லூரிக்கு

தமிழ்நாட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் அங்கு திருமண உதவித் திட்டம் தொடங்கியது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு நிதி. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. ‘புதுமைப் பெண்’ என்று அழைக்கப்படும் இதில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்வியில் சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் அவளது வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. கல்யாணத்துக்கு ஒருமுறை வந்த பணம், படிப்புக்கு மாதாமாதம் வருகிறது. பள்ளியை முடித்த மகளை அடுத்து எங்கே அனுப்புவது என்று வீட்டில் பேசும் வேளையில் இந்தத் தொகை அவள் பக்கம் நிற்கிறது.

நம் நாட்டில் நிற்கும் இடங்கள்

மலேசியாவிலும் உதவிகள் இல்லாமல் இல்லை. பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவருக்கும் கிடைக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் 150 வெள்ளி பள்ளி உதவிநிதி வழங்கப்படுகிறது. வறிய குடும்பத்து ஆரம்பப் பள்ளி மாணவருக்கு ஆர்.எம்.டி. உணவுத் திட்டமும், ஏழை மாணவர் அறநிதியும் உண்டு.

ஆனால், தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் வேறு.

முதலாவது, ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் கட்டம். தமிழில் படித்த பிள்ளை மலாய் வகுப்பறைக்கு மாறுகிறாள்; சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்கின்றனர். பள்ளியும் தூரமாகிறது, பஸ் கட்டணமும் ஏறுகிறது.

இரண்டாவது, எஸ்.பி.எம். முடிந்த கட்டம். தொழிற்சாலைச் சம்பளம் உடனே கைக்கு வரும். படிப்பின் பலன் வரச் சில ஆண்டுகள் ஆகும். மெட்ரிகுலேஷன் போன்றவற்றுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் எஸ்.பி.எம். முடிவு வருமுன்னரே திறந்துவிடுகிறது. முடிவுக்காகக் காத்திருக்கும் வீட்டில் மகளின் வாய்ப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

மூன்றாவது, ஆவணம். பெற்றோரின் திருமணம் பதிவு பெறாமல், தாய் வெளிநாட்டவராக இருந்தால் பிள்ளையின் குடியுரிமை சிக்கலாகிறது. தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். எனினும், பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க 2019 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. ‘சூரா பெரானாக் இல்லை, பள்ளியும் இல்லை’ என்று முடிவு கட்டும் முன் மாவட்டக் கல்வி இலாகாவில் விசாரிப்பது அவசியம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

குடும்ப வருமான விவரம் பள்ளிப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்டறியலாம். வறியோருக்கான உதவி அதைப் பார்த்தே வருகிறது. மகள் ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் பற்றி ஆலோசக ஆசிரியரிடம் பேசலாம். ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பரிசளிப்பு விழாவோடு நில்லாமல், ஒரு மாணவியின் பஸ் கட்டணத்தை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளலாம். பீகாரில் ஒரு சைக்கிள் செய்ததை இங்கு ஒரு பஸ் இருக்கை செய்யும்.